தண்டவாளம் கழற்றிய பாதையில் நான் உனக்குச் சொன்னவை

பஸ் கதவு திறந்ததும் தார் மணம்தான் முதலில் ஏறி வந்தது. நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. ஆனாலும் இறங்கினேன். பழைய ரயில் பாதை தொடங்கும் இடத்தில் சிவப்பு வெள்ளைத் தடுப்பு ஒன்றை வைத்து, அதற்கு அப்பால் இரண்டு பேர் புதுத் தார் பரவிக்கொண்டிருந்தார்கள். உருளை முன்னுக்குப் போவதும் பின்னுக்கு வருவதுமாக இருந்தது. சைக்கிளில் வந்த ஒரு கிழவர் தடுப்பைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் போகவில்லை. உருளை ஓயும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

உன்னை எரித்து இன்றைக்கு மூன்று கிழமை. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கவில்லை. இன்றைக்கும் கலங்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போய்விட்ட ஒருவன்மேல் ஆத்திரப்பட்டு என்ன பயன் என்று என் மனைவி கேட்கிறாள். பயன் இல்லைத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் உனக்கு எழுதுகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு, அகதிகளாகச் சுவிஸுக்கு வந்த எங்களை இந்தப் பாதை தொடங்கும் கிராமத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பூட்டிக் கிடந்த ஒரு பழைய விடுதியைத் திறந்து, அறைக்கு இரண்டு பேராகப் போட்டார்கள். எனக்கு நீ கிடைத்தாய். இருவருக்கும் இருபத்தைந்து வயது. நீ மானிப்பாய்ப் பக்கம், நான் வடமராட்சி. ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் தெரியாமலே கிழவர்களாகியிருப்போம். இரண்டு மாதத்துக்குள் பீல் நகரத்தில் ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் ஒரு லோன்றியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. விடிய ஆறரைக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. இருந்தது எட்டுக் கிலோமீட்டர் பாதையும், பக்கத்து வீட்டு அம்மா தந்த ஒரு பழைய சைக்கிளும்தான். அந்தச் சைக்கிளில் பின்னால் ஆளை ஏற்றினால் சில்லு நெளிந்துவிடும்.

அந்தப் பாதையில் ரயில் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. தண்டவாளத்தையும் கட்டைகளையும் கழற்றிவிட்டு, நாங்கள் வந்த வருடம்தான் தார் போட்டிருந்தார்கள். வெயில் ஏறினால் செருப்பில் ஒட்டும். ரயிலுக்காக வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் தெரியாது, வளைவும் மெதுவாகத்தான் வரும். நடுவில் ஒரு பழைய ஸ்டேசன் இருந்தது. கட்டடத்தில் யாரோ குடியிருந்தார்கள், மேடை மட்டும் அப்படியே கிடந்தது.

ஒரு சைக்கிளில் இரண்டு பேர் எப்படி நேரத்துக்குப் போவதென்று நீதான் கண்டுபிடித்தாய். சோம்பேறி நான், எனக்கு எழும்பப் பஞ்சி. நீ முதலில் வெளிக்கிட்டு ஸ்டேசன் மட்டும் சைக்கிளில் போவாய். மேடையில் அதைச் சாய்த்துவிட்டு மிச்சத்தை நடப்பாய். நான் பின்னால் நடந்து வந்து, சைக்கிளை எடுத்து மிதிப்பேன். லோன்றி வாசலில் நீ நிற்பாய், இருவரும் அநேகமாக ஒன்றாகத்தான் உள்ளே போவோம். சைக்கிளைப் பூட்டவில்லை, யாரும் தொடவும் இல்லை. கரியரில் கடதாசியில் சுற்றிய பாண் துண்டு இருக்கும், உள்ளே சம்பல் பூசியிருக்கும். அதை நீ கட்டுவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் நித்திரையால் எழும்புமுன் நீ குசினியை ஒதுக்கிவிட்டுப் போயிருப்பாய்.

இதையெல்லாம் எழுதாமல் விடலாம். விட்டால் நீ வெறும் கள்ளனாகிவிடுவாய். நீ அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகம்.

பின்னேரம் வேலை முடிந்தால் அவசரம் இல்லை. சைக்கிளை நடுவில் உருட்டிக்கொண்டு இருவரும் நடந்தே திரும்புவோம். அந்த நடையில்தான் நான் உனக்குத் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

அதற்கு முன்னும் சிலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் எல்லோரிடமும் ஒரு சாவு இருந்தது. அரைவாசியில் 'ஓம், எங்கட பக்கமும் அப்பிடித்தான்' என்று தங்களுடையதைத் தொடங்குவார்கள். நீ மட்டும் கேட்டாய். யாழ்ப்பாணம் போன பஸ்ஸை ஆமி மறித்ததையும், ஆண்களை மட்டும் இறக்கியதையும், தம்பி இறங்குவதற்கு முன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்து இருக்கை மனிசியிடம் கொடுத்ததையும் சொன்னேன். 'உடைச்சுப் போடுவாங்கள் அன்ரி, நீங்கள் வச்சிருங்கோ, வந்து வாங்கிறன்' என்றானாம். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு இரண்டு முழத்துக்கு அப்பால் எல்லாம் புகைதான். அடுத்த நாள் அந்த மனிசி விலாசம் விசாரித்து வீட்டுக்கு வந்து, கைலேஞ்சியில் சுற்றிய கண்ணாடியை அம்மாவின் கையில் கொடுத்தாள். அவன் வரவில்லை. உடலும் வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் நீ கேள்வி கேட்டாய். எத்தனை பேரை இறக்கினார்கள், எந்த இடம், எத்தனை மணி, அந்த மனிசி எப்படி இருந்தாள், அம்மா என்ன சொன்னா. என் துக்கத்தில் இவ்வளவு அக்கறைப்பட ஒருவன் கிடைத்தானே என்று நினைத்தேன். ஒருநாள் ஸ்டேசனடியில் நின்று, என்னைப் பாராமல் சொன்னாய்: "என்னட்டைப் பயம் மட்டும்தான் இருக்கு மச்சான். பயத்துக்கு அசூல் குடுப்பாங்களோ?"

நான் சிரித்தேன். பகிடி என்றுதான் நினைத்தேன். உன் வீட்டில் யாரையும் ஆமி பிடித்துப் போகவில்லை. உனக்குத் தம்பி என்று ஒருவனே இல்லை, இரண்டு அக்காமார்தான். சங்கக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது ரோந்து போனால் ஓடி ஒளித்த பயம் ஒன்றுதான் உன்னிடம் இருந்த கதை. அதுவும் உண்மையான பயம்தான். நித்திரையில் நீ எழும்பிக் குந்தியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அசூல் என்ற அகதித் தஞ்சத்துக்கான விசாரணை உனக்குத்தான் முதலில் வந்தது. போய்வந்த அன்று எப்படி நடந்ததென்று கேட்டேன். "கேட்டாங்கள், சொன்னன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாய்.

இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். மொழிபெயர்க்க வந்தவர் இந்தியாக்காரர், என் தமிழ் அவருக்கு அரைவாசிதான் பிடிபட்டது. பஸ் வரைக்கும் எல்லாம் சரியாகப் போனது. நான் கண்ணாடி என்றதும் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் ஒரு கோப்பை எடுத்துவந்து, பக்கங்களைப் புரட்டி வாசித்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். அந்த மனிதருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதே பஸ், இதே கண்ணாடி, எல்லாத்தையும் உங்க வீட்டு அட்ரஸ்லேருந்து வந்த இன்னொருத்தர் ஏற்கெனவே சொல்லிட்டாராம். நீங்க அவர்கிட்ட கேட்டு வந்து சொல்றீங்களான்னு கேக்கறார்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், என் தம்பி, என் தம்பி என்று இரண்டு தரம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதை அவர் மொழிபெயர்க்கவும் இல்லை. நீ உன் கதையில் பேரை மட்டும் மாற்றியிருந்தாய் என்று பிறகு கோப்பைப் பார்த்துச் சொன்னார்கள். என் ரூபனைக் குமார் ஆக்கியிருந்தாய்.

அடுத்த நாள் விடிய நான் உனக்கு முன்னால் எழும்பி, நடந்து போய், அந்த மேடையில் இருந்தேன். நீ சைக்கிளில் வந்தாய். என்னைக் கண்டதும் பிரேக் பிடிக்காமல் காலை ஊன்றி நின்றாய். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய். நான் அடிப்பேன் என்று நினைத்தாயோ தெரியாது, சைக்கிளைக் கவனமாகச் சாய்த்துவிட்டுக் கிட்ட வந்து நின்றாய். அடிக்க வசதியாக நின்றாய் என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது.

ஏன் என்று கேட்டேன்.

"உன்னட்டை உண்மை இருக்கு மச்சான்," என்றாய். "உண்மை எப்பிடியும் நிண்டுபிடிக்கும் எண்டு நினைச்சன். என்னட்டை ஒண்டும் இல்லை."

நான் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னேன். நீ தலையாட்டினாய். சொல், உனக்கு அந்த உரிமை இருக்கிறது என்றாய். ஆனால் சொன்னால் என்னுடையது பொய் என்று ஆகுமே தவிர உன்னுடையது உண்மை என்று ஆகாது, இருவரையும் சேர்த்தே ஊருக்கு ஏற்றி அனுப்புவார்கள் என்றும் சொன்னாய். நீ சொன்னது சரியோ பிழையோ இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது சரிபோலத்தான் இருந்தது. உன்னை ஏற்றி அனுப்பி, உன் அக்காமாரில் ஒருத்தி என் அம்மாவைப்போல வாசலில் நிற்பதை நினைத்தும் பார்த்தேன். நான் போய்ச் சொல்லவில்லை. அதை மன்னிப்பு என்று நீ எடுத்துக்கொண்டிருந்தால், அது இல்லை.

நான் வேறு அறைக்கு மாறினேன். பேச்சு நின்றது. ஆனால் வேலையும் பாதையும் ஒன்றுதான். நீ ஒவ்வொரு விடியலும் வழக்கம்போலச் சைக்கிளை ஸ்டேசன் மேடையில் சாய்த்துவிட்டு மிச்சத்தை நடந்தாய். நான் முழுத் தூரத்தையும் நடந்தேன். சைக்கிளைத் தாண்டிப் போகும்போது கரியரில் கடதாசிச் சுருள் இருக்கும். தொடமாட்டேன். பின்னேரம் திரும்பும்போது காகம் கிழித்த கடதாசி கீழே கிடக்கும், நீ குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பாய். இப்படி ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. பனி கொட்டிய நாட்களில் நீ மிதித்த சில்லுத் தடத்தின்மேல் நான் நடக்க வேண்டியிருந்தது, அதுகூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். படுத்திருக்கலாம். ஏற்கெனவே மூன்று தரம் பிந்தியிருந்தேன், இன்னொரு தரம் பிந்தினால் வேலை இல்லை என்று மேற்பார்வைக்காரி சொல்லியிருந்தாள். ஸ்டேசன் மட்டும் வரவே நெடுநேரம் எடுத்தது. சைக்கிள் நின்றது. சீற்றில் பனி படியாமல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தாய். ஏறி மிதித்தால் பதினைந்து நிமிடம். நான் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினேன், கை உன் சைக்கிள் ஹாண்டிலில்தான் இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அரை மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். வேலை போனது. அன்றைக்கு நான் வென்றதாகவே நினைத்தேன். இருபத்தாறு வயதில் வெற்றி என்று நினைத்ததெல்லாம் இப்படித்தான் இருந்தது.

அந்த வருடமே உனக்கு அசூல் கிடைத்தது. எனக்கு மறுப்புக் கடிதம் வந்தது. சொன்ன விபரங்கள் வேறொருவருடையதோடு ஒத்துப்போவதால் நம்பத்தக்கதல்ல என்று அதில் ஒரு வரி. பக்கத்து வீட்டு அம்மா அதை எனக்கு மெதுவாக, இரண்டு தரம் வாசித்து விளங்கப்படுத்தினா. என் தம்பி செத்ததை நம்பவில்லை என்று அரசாங்கத் தாளில் எழுதி, சீல் குத்தி அனுப்பியிருந்தார்கள். மேன்முறையீடு போட்டேன். அது இழுபட்டது. எந்த நாளும் அனுப்பலாம் என்ற நிலையில் வருடக்கணக்காகப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு சீவித்தேன். அதற்கிடையில் அம்மா போய்விட்டா. செய்தி சொன்ன கடிதம் வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. பிறகு, நாட்டு நிலைமையைப் பார்த்து எல்லோரையும் இருக்க விட்டபோது எனக்கும் ஒரு விசா கிடைத்தது. என் கதையை நம்பித் தந்ததல்ல அது.

உன்னைத் திரிம்பாக் ஊரில் உள்ள எங்கள் கோயிலில் காண்பேன். மனைவி, ஒரு மகள். திருவிழாவில் தேர் இழுப்பவர்களில் முன்னால் நிற்பாய். ஒருமுறை பிரசாதத் தட்டோடு நேரே என்னிடம் வந்தாய். நான் சப்பாத்துப் போடக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது நீ இல்லை. என் மனைவி கேட்டாள், தெரிந்தவரோ என்று. இல்லை என்றேன்.

போன மாரியில் தொலைபேசி எடுத்தாய். குரலை வைத்து அடையாளம் தெரியவில்லை, மெலிந்துபோயிருந்தது. "ஒருக்கா வந்திட்டுப் போ மச்சான். எனக்கு நடக்கேலாது, இல்லாட்டி நானே வந்திருப்பன்."

வேலை இருக்கிறது என்றேன். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். "ஓம், ஓம், வேலையைப் பார்," என்று சொல்லிவிட்டு நீயே வைத்தாய்.

பிறகு உன் மகள் எடுத்து, நீ போய்விட்டாய் என்றாள். அப்பாவின் தொலைபேசியில் என் இலக்கத்துக்கு 'ரூம் மச்சான்' என்று பேர் போட்டிருந்ததாம். வரமாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஏன் வந்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நீ உண்மையாகவே செத்துவிட்டாயா என்று பார்க்க வந்திருக்கலாம்.

மண்டபத்தில் உன் மகள் எழும்பிப் பேசினாள். முதலில் சுவிஸ்க்காரருக்காக ஜெர்மனில், பிறகு தமிழில், தாளைப் பார்த்து. அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவர் என்று சொன்னாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தவர் என்று சொன்னாள். பஸ்ஸில் இருந்து இறக்கினது, கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தது, அந்தக் கண்ணாடி அடுத்த நாள் வீட்டுக்கு வந்தது. அந்த இடத்தில் அவளுக்குக் குரல் உடைந்தது. மண்டபம் முழுக்க அழுதது. என் தம்பிக்கு ஊரில் செத்தவீடு நடக்கவில்லை. உடல் இல்லாமல் எதை வைத்துச் செய்வது என்று அம்மா விடவில்லை. நாற்பது வருடம் கழித்து, வேறு பேரில், நூற்றைம்பது பேர் அவனுக்காக அழுதார்கள். நான் நடுவில் இருந்தேன். எனக்கு வரவில்லை.

ஒரு அலுவலகத்தில் சொன்ன பொய் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதை நீ வீட்டுக்கும் கொண்டுபோயிருக்கிறாய். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். விசாவுக்காக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் வளர்த்திருக்கிறாய். அல்லது, சொல்லிச் சொல்லி உனக்கும் அவன் தம்பியாகிவிட்டானோ தெரியாது. அது உண்மையென்றால் அதுதான் எனக்கு இன்னும் கூடாத செய்தி.

எல்லாம் முடிந்து வெளியே நின்றபோது அவள் என்னிடம் வந்தாள். உன் நெற்றி, உன் மூக்கு. "மாமா, நீங்கள் அப்பாவோட ஒண்டா இருந்தனீங்கள். குமார் சித்தப்பாவைப் பற்றி அப்பா உங்களுக்குச் சொன்னவரோ?"

ஓம், எனக்குத் தெரியும் என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் திறந்தேன். இத்தனை வருடமாக நான் தனியே நின்று பேசிப் பழகிய பேச்சு அது, ஒரு சொல் மறக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். "அண்டைக்கு அவர் ஏன் அந்த பஸ்ஸில போனவர்? ரியூசனுக்கு எண்டு அப்பா சொல்லுவார். சனிக்கிழமை பின்னேரம் என்ன ரியூசன் எண்டு நான் யோசிக்கிறனான்."

நாற்பது வருடத்தில் அதை யோசித்தவள் அவள் ஒருத்திதான். அதிகாரிகூட யோசிக்கவில்லை. அவர் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது: உங்கள் தம்பி எங்கே போய்க்கொண்டிருந்தார்? ரியூசனுக்கு என்றேன். நீயும் அதைத்தான் சொல்லியிருந்தாய், ஏனென்றால் பாதையில் உனக்கு நான் அதைத்தான் சொன்னேன். உன் கோப்பிலும் என் கோப்பிலும் ஒரே பொய்.

அவன் ரியூசனுக்குப் போகவில்லை. என் பாஸ்போட்டுக்கான படங்களை யாழ்ப்பாணத்தில் ஏஜென்சிக்காரனிடம் கொடுக்கப் போனான். நான் போக வேண்டியது. ரோட்டில் ஆமி நிற்கிறது என்று காலையிலேயே கேள்விப்பட்டிருந்தேன். எனக்குப் பயம். 'நீ படிக்கிற பெடியன், உன்னை ஒண்டும் செய்யாங்கள்' என்று சொல்லி, படங்களை அவன் சட்டைப் பையில் நானே வைத்துவிட்டேன். பிறகு வேறு படம் எடுத்து, அதே ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட் எடுத்து, அதில்தான் உன் அறைக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த ஒன்றை அதிகாரியிடம் சொல்லியிருந்தால் உன் கதையும் என் கதையும் அந்த இடத்திலேயே பிரிந்திருக்கும். தன்மேலேயே இப்படி ஒன்றைச் சோடிக்க ஒருவனுக்கும் மனம் வராது, அவருக்கும் அது விளங்கியிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொண்டு போனாய் என்று இவ்வளவு காலமும் சொல்லித் திரிந்தேன். இது ஒன்று என்னிடம்தான் இருந்தது. உனக்கு மட்டும்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

உன் மகளுக்கு, ஓம் பிள்ளை, ரியூசனுக்குத்தான் என்றேன்.